கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு

திருச்சி டவுன் நிலையத்திலிருந்து வடக்கே புறப்படும் இரயில் காவிரியைக் கடந்தால் திருவரங்கம். கொள்ளிடத்தையும் கடந்தால் உத்தமர்கோவில். இப்பாலங்களின் மேல் சரக்கு வண்டி செல்லும்போது நம் கண்கள் எஞ்சினைத்தான் தேடுகின்றன. இருப்புப்பாதை வரலாறுகளும் பெரும்பாலும் எஞ்சினையே பாடுகின்றன. நாம் இங்கு வண்டியின் வாலிலிருந்து தொடங்குவோம்.

அமெரிக்கர்கள் 'கபூஸ்' என்றழைத்த கடைசிப் பெட்டியை நம்மவர்கள் கார்டு வண்டி என்றும் பிரேக் வேன் என்றும் அழைத்தனர். வண்டி முழுவதையும் ஒருங்கே பிடிக்கும் தடுப்பு முறை வருவதற்கு முன்பு, எஞ்சின் ஓட்டுநர் ஊதல் எழுப்புவார். கடைசிப் பெட்டியிலுள்ள கார்டு கைப்பிடிச் சக்கரத்தைச் சுழற்றித் தடுப்பை இறுக்குவார். பச்சை, சிவப்புக் கொடிகள், கைவிளக்கு, ஊதல், ஆபத்து வேளையில் தண்டவாளத்தில் வைக்கும் வெடிகள் ஆகியவை அவருடைய உடைமைகள். இவற்றைச் சுமந்த இரும்புப் பெட்டி அவரோடே பயணித்தது.

இதனினும் முக்கியமான கடமை ஒன்றுண்டு. வண்டியின் பின்புறம் பகலில் 'எல்.வி.' பலகையும் இரவில் சிவப்பு விளக்கும் இருக்கும். அதைக் கண்ட பின்னரே நிலைய அதிகாரி, வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்று முடிவு செய்வார். அது தென்படாவிடில், வழியில் பெட்டிகள் கழன்று நின்றிருக்கக்கூடும். அப்பாதையில் அடுத்த வண்டியை விடலாகாது.

இனி, அவ்வண்டிகளை ஓட்டிய கம்பெனிக்கு வருவோம். 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா' கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து அகலப் பாதை அமைத்து, 1861-இல் தஞ்சையையும் 1862-இல் திருச்சியையும் எட்டியது. கர்நாடிக் இரயில்வேயுடன் இணைந்து 1874-இல் அது தென்னிந்திய இரயில்வே ஆயிற்று. மறு ஆண்டே, நாகை–திருச்சித் தடம் செலவு குறைந்த மீட்டர் பாதையாகச் சுருக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த அம்முடிவைத் திருத்த, பின்னாளில் அதே தடத்தை மீண்டும் அகலமாக்க வேண்டியதாயிற்று.

நாகையிலிருந்த பணிமனை 1920-களின் இறுதியில் பொன்மலைக்கு வந்தது. புதிய எந்திரங்களோடு ஆட்குறைப்பும் வந்தது. 1928 ஜூலையில் தென்னிந்திய இரயில்வே தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். அது ஒடுக்கப்பட்டது, தலைமையேற்ற சிங்காரவேலர் சிறை சென்றார். 1944-இல் கம்பெனி அரசின் கைக்கு மாறியது. ஆயினும் 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் பொன்மலையில் காவலர் சுட்டதில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். உரிமையாளர் மாறியதால் மட்டும் உழைப்பவன் நிலை மாறிவிடவில்லை.

1951 ஏப்ரல் 14 அன்று மதராஸ்–தென் மராட்டா இரயில்வே, மைசூர் அரசு இரயில்வே ஆகியவற்றோடு இணைந்து தென்னக இரயில்வே பிறந்தது. பழைய பெயர் மறைந்தது. கார்டு வண்டியும் அவ்வழியே செல்லக்கூடும். அமெரிக்காவில் 1980-களிலேயே கபூஸின் இடத்தை வண்டி முனையில் பொருத்தும் சிறு கருவி பிடிக்கத் தொடங்கியது. நம் நாட்டில் 'கார்டு' என்ற பதவிப் பெயர் 2022 ஜனவரியில் 'டிரெயின் மேனேஜர்' ஆகிவிட்டது.

கருவி வருவதை நாம் குறை சொல்லவில்லை. இருளில், தனிமையில், வண்டி முழுதாக வந்ததா என்று காத்தவர்களின் அனுபவம் எங்கும் பதிவாகாமல் போவதே நம் கவலை. கம்பெனியின் வருமானக் கணக்குகள் அச்சில் உள்ளன. கார்டின் ஓர் இரவு எந்த அறிக்கையிலும் இல்லை. மீட்டர் பாதையில் பணியாற்றிய முதியவர்கள் பொன்மலையிலும் திருவரங்கத்திலும் இன்றும் வாழ்கின்றனர். வாசக அன்பர்கள் தம் இல்லத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்தால் நலம். கடைசிப் பெட்டியும் வந்து சேர்ந்தால்தான் வண்டி வந்ததாகக் கணக்கு. வரலாற்றுக்கும் அவ்விதியே பொருந்தும்.