‘டைப்’ போகும் வழி

‘டைப்’ என்பது வெறும் பெயர். பிறந்த இடம், பாலரினா நிரல்மொழியின் உள்ளமை நூலகம். 2005இல் சஞ்சீவ வீரவரண முதலானோர் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் இலங்கையில் வளர்த்தெடுத்த மொழி அது, அதன் 1.0 பதிப்பு 2019இல் வெளியானது.

அந்த நூலகத்தில் ‘மேப்’ என்றொரு செயற்கூறு உண்டு. ஓர் அணியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, நாம் சொல்லும் வேலையைச் செய்து, புதிய அணியாகத் தரும். உறுப்பு எண்ணா, எழுத்துச் சரமா என்பது நூலகம் எழுதியவருக்குத் தெரியாது. ஆகவே உறுப்பின் இடத்தில் ‘டைப்’, விடையின் இடத்தில் ‘டைப்1’ என்று எழுதி, இரண்டும் எதுவாகவும் இருக்கலாம் என்று அறிவித்து, ‘டைப்பாராம்’ என்ற குறியையும் வைத்துவிட்டார். குறியைக் கண்ட கம்பைலர், இது அழைப்பு வரும்போது நிரப்பவேண்டிய இடம் என்று குறித்துக்கொள்ளும்.

அழைப்பு மஸ்கெலியாவிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டமொன்றின் அன்றைய கொழுந்து நிறை, தசம எண்களின் அணியாக இருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று பெருக்கிக் கைக்காசு பார்க்க மேப்பை அழைக்கிறோம். அணியைப் பார்த்ததும் ‘டைப்’ தசமமாகிறது. பெருக்கும் வரியில் வகை சொல்லாமல் நாம் விட்ட மாறியும் தசமமாகிறது. பெருக்கி வரும் தொகை தசமம் என்பதால் ‘டைப்1’உம் அதுவே.

நிறைக்குப் பதில் யாரோ ‘அரைப்பேர்’ (அரைநாள் கணக்கு) என்று எழுதிவைத்து, அணியும் தசமமும் சரமும் கலந்ததாக அறிவிக்கப்பட்டிருந்தால்? அணியில் பிழை தெரியாது. ‘டைப்’ அந்தக் கலவையைச் சுமந்துபோய்ப் பெருக்கல் குறியில் இடறும். சரத்தைப் பெருக்க விதியில்லை. நிரல் ஓடுமுன்பே கம்பைலர் மறித்துவிடும்.

தப்பிய நிரல் ஜாவா இயந்திரத்துக்கான பைட்கோடாகிறது. சி++ டெம்ப்ளேட்டுகளில் வகைக்கொரு பிரதி உருவாகும். இங்கே எல்லா வகைக்கும் ஒரே மேப்தான் ஓடுகிறது. புதிய அணியின் உறுப்பு வகையை, கொடுத்த செயற்கூற்றின் விடைவகையிலிருந்து அது படித்துக்கொள்ளும்.

‘டைப்பாராம்’ குறியை வைக்கும் உரிமை உள்ளமை நூலகத்துக்கு மட்டுமே. கணக்கு எழுதுபவர் வகைச் சூத்திரம் எதையும் கற்காமலே பலனைப் பெறுகிறார். சொந்தமாக ஒரு மேப் எழுத நினைப்பவரோ வகைக்கொன்றாக எழுதவேண்டும், அல்லது வகைக் கலவையோடு மல்லுக்கட்டவேண்டும். பாவிப்பவருக்கு எளிமை, படைப்பவருக்குச் சுமை என்பதே இந்த ஏற்பாட்டின் விலை.