கொசுவுக்குள் ஒரு குடித்தனக்காரன்

டைபஸ் காய்ச்சலை ஆராயப் போனவர்களையே அந்தக் காய்ச்சல் கொன்றுகொண்டிருந்த காலம். அமெரிக்கரான ஹோவர்டு ரிக்கெட்ஸ் 1910-இல் மெக்சிகோ நகரத்தில் அதற்குப் பலியானார். ஐந்து வருடம் கழித்து, ஜெர்மனியில் போர்க்கைதிகள் முகாமில் வேலை செய்துகொண்டிருந்த ப்ரோவசெக்கும் போய்ச் சேர்ந்தார். அந்தக் காய்ச்சலைப் பரப்பும் பேனுக்குள் இருந்த கிருமிக்கு இரண்டு பேர் நினைவாகவும் ரிக்கெட்சியா ப்ரோவசெக்கி என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு பார்த்தால் பேன், உண்ணி, மூட்டைப்பூச்சி என்று கடிக்கிற ஜீவன்களிலெல்லாம் அதே சாயலில் ஏதோ ஒன்று தென்பட ஆரம்பித்தது. எது ஆளைக் கொல்லும், எது சும்மா குடியிருக்கிறது என்று பிரித்தாக வேண்டும்.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பர்ட் வொல்பேக்கும் மார்ஷல் ஹெர்டிக்கும் இந்த வேலையில் இறங்கினார்கள். பூச்சியைக் கீறி, உறுப்பைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, கீம்சா சாயம் ஏற்றிப் பார்ப்பது அவர்கள் முறை. மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கிறார்களே, அதே சாயம்தான். கியூலெக்ஸ் பிப்பியன்ஸ் என்ற கொசுவின் சூலகத்திலும் விந்தகத்திலும் செல்களுக்குள்ளே பொடிப்பொடியாய்க் குச்சிகளும் புள்ளிகளும் தெரிந்தன. 1924-இல் அதை எழுதி வெளியிட்டார்கள். ஹெர்டிக் விடாமல் அதன் பின்னாலேயே போய், 1936-இல் தன் சகாவின் பெயரையும் கொசுவின் பெயரையும் சேர்த்து வொல்பேக்கியா பிப்பியன்டிஸ் என்று பெயரிட்டார். பிறகு மணல் ஈக்களை ஆராயப் போய்விட்டார்.

அதோடு கதை நின்றுவிட்டது. அந்தப் பாக்டீரியா மனிதனுக்கு நோய் தருவதில்லை. கொசுவுக்கும் பெரிய கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை. மற்ற பாக்டீரியாவைப் போல ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது, உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வாழும். முப்பத்தைந்து வருடம் அதை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை.

இன்னொரு பக்கம், பாக்டீரியாவைப் பற்றி யோசிக்காத ஒருவர் அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மானியரான ஹான்னஸ் லாவென் 1950-களில் வெவ்வேறு ஊர்க் கியூலெக்ஸ் கொசுக்களை இணைசேர்த்துப் பார்த்தார். சில ஜோடிகளில் முட்டை பொரியவே இல்லை. ஆணையும் பெண்ணையும் ஊர் மாற்றிச் சேர்த்தால் பொரிந்தது! தாய்வழியாக, முட்டையின் சைட்டோபிளாசம் வழியாக வருகிற ஏதோ ஒன்று என்பதுவரை சரியாகவே சொன்னார். அது என்ன என்று தெரியாமலேயே பயன்படுத்தவும் செய்தார். ரங்கூன் பக்கம் ஒக்போ என்ற கிராமத்தில் பொருந்தாத ஆண் கொசுக்களை விட்டு, யானைக்கால் நோய் பரப்பும் கொசுவைச் சில மாதங்களில் ஒழித்துக் காட்டினார். 1967-இல் வந்த செய்தி அது. காரணம் தெரியாமலே கிடைத்த வெற்றி என்பதால்தான் எனக்கு இந்தக் கட்டம் பிடிக்கும்.

காரணத்தைச் சொன்னவர்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜேனிஸ் யென், ரால்ஃப் பார். ஹெர்டிக்கின் பாக்டீரியாதான் இது என்று 1971-இல் ஊகித்து, பிறகு டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்து நிரூபித்தார்கள். பாக்டீரியா நீங்கிய ஆண், எந்தப் பெண்ணோடு சேர்ந்தாலும் முட்டை பொரிந்தது. பாக்டீரியா, தான் இருக்கும் ஆணின் விந்தில் ஒரு பூட்டுப் போடுகிறது. அதே பாக்டீரியா உள்ள முட்டைக்குத்தான் அதைத் திறக்கத் தெரியும்.

சரி, வேறு எந்தெந்தப் பூச்சியில் இது இருக்கிறது? ஒவ்வொன்றாய்க் கீறிச் சாயம் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. சாயத்தில் தெரிகிற எல்லாப் புள்ளியும் வொல்பேக்கியா என்று சொல்லவும் முடியாது. 1992-இல் ஸ்காட் ஓநீல் குழு பி.சி.ஆர். முறையைக் கையில் எடுத்தது. பாக்டீரியாக்களுக்கே உரிய 16எஸ் மரபணுவைப் பெருக்கிப் படித்ததில், கொசுவிலும் பழ ஈயிலும் வேறு பூச்சிகளிலும் இருந்தவை நெருங்கிய உறவுகள் என்று தெரிந்தது. 1998-இல் வொல்பேக்கியாவின் மேலுறைப் புரதத்துக்கான டபிள்யூ.எஸ்.பி. மரபணுவைப் பிடிக்கும் பிரைமர் என்ற டி.என்.ஏ. துணுக்குகள் வந்தன. ஜெல்லில் சுமார் 600 கார இணைகள் நீளத்தில் ஒரு கோடு விழுந்தால் பாசிட்டிவ். உலகம் முழுக்கப் பூச்சிகளை அரைத்தார்கள். பூச்சியினங்களில் ஏறக்குறைய பாதியில் இது இருக்கலாம் என்று கணக்கு போகும் அளவுக்குக் கோடுகள் விழுந்தன.

பி.சி.ஆர். பாசிட்டிவ் என்றால் என்ன, என்ன இல்லை என்பதை கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் ஓரளவு கற்றுக்கொண்டோம். பூச்சிக்காரர்கள் அதை முன்பே கற்றிருந்தார்கள், ஒரு பயறு வண்டிடம். 2002-இல் ஜப்பானில், பயற்றைத் துளைக்கும் கல்லசோபுருக்கஸ் வண்டின் எக்ஸ் குரோமோசோமிலேயே வொல்பேக்கியாவின் மரபணுத் துண்டு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். மருந்து கொடுத்து பாக்டீரியாவை ஒழித்தாலும் கோடு விழும். 2007-இல் ஒருவகைப் பழ ஈயில் கிட்டத்தட்ட முழு வொல்பேக்கியா மரபுத்தொகுதியே குரோமோசோமுக்குள் புகுந்திருந்தது தெரியவந்தது. குடித்தனக்காரன் காலி செய்த பிறகும் வீட்டுப் பத்திரத்தில் அவன் பெயர் இருக்கிற மாதிரி.

மலேரியாக் கொசுவில் இந்தக் குழப்பம் சண்டையாகவே வெடித்தது. அனோபிலிஸில் வொல்பேக்கியா இயற்கையாக இல்லை என்பது பாடப்புத்தக வாக்கியமாக இருந்தது. 2014-இல் புர்கினா ஃபாசோவின் அனோபிலிஸ் காம்பியேயில் இருக்கிறது என்று ஒரு குழு அறிவித்தது. ஆனால் சமிக்ஞை மிகப் பலவீனம், ஒருமுறைக்கு இருமுறை பெருக்கினால்தான் தெரிந்தது. கொசுப்புழு தின்ற உணவிலிருந்தோ அழுக்கிலிருந்தோ வந்த டி.என்.ஏ.வாக இருக்கலாமே என்று கிரோஸ்டெக், கெர்த் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019-இல் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2021-இல் அனோபிலிஸ் மௌச்செட்டி, டெமெய்லோனி என்ற இரண்டு ஆப்பிரிக்க இனங்களில் ஐயமறக் கண்ட வேறொரு குழு பி.சி.ஆரோடு நிற்கவில்லை. மரபுத்தொகுதியைப் படித்து, சூலகத்துக்குள் ஒளிரும் பாக்டீரியாவைப் படமும் பிடித்துக் காட்டியது.

டெங்கு பரப்பும் ஏடிஸ் ஈஜிப்டி கதை நேர்மாறு. அதில் இயற்கையாக வொல்பேக்கியா இல்லை. மனிதர்கள் ஊசியால் முட்டைக்குள் ஏற்றினார்கள். ஏற்றிய கொசுவில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகவில்லை. 2011-இல் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் அருகே வெளியே விட்டார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த சோதனையில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. இப்படிக் கொசு விடும் ஊர்களில் வொல்பேக்கியாவைக் கண்டறிவது தெருவோர வேலை ஆகிவிட்டது. பொறியில் விழுந்த கொசுவைப் பொறுக்கி, எத்தனையில் பாக்டீரியா ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் மேலும் கொசு விடுவதா நிறுத்துவதா என்று முடிவெடுக்கிறார்கள்.

இந்தக் கதையின் ஒரு கிளை நம் பக்கமும் உண்டு. நம் சாக்கடைக் கியூலெக்ஸில் வொல்பேக்கியா இயல்பாகவே இருக்கிறது; அது சுமக்கும் யானைக்கால் புழுவுக்குள்ளும் வேறொரு வொல்பேக்கியா குடியிருக்கிறது. புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி ஆய்வு மையம், நம் ஊர் ஏடிஸில் இரண்டு வகை வொல்பேக்கியாவை ஏற்றிய கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-இல் அறிவித்தது. ஒன்று பழ ஈயிலிருந்து வந்த டபிள்யூமெல், மற்றது ஆசியப் புலிக்கொசுவிலிருந்து வந்த டபிள்யூஆல்ப்-பி. இரண்டு எதற்கு? கொசுப்புழு இருக்கும் தண்ணீர் பகலில் 37 டிகிரி வரை ஏறினால் டபிள்யூமெல் மெலிந்துபோகிறது, மற்றது ஓரளவு தாங்குகிறது. கோலாலம்பூரில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான். நம் மொட்டைமாடி டிரம்களின் சித்திரை வெயிலுக்கு, இருக்கிறது இல்லை என்று சொல்லும் கோடு போதாது. ஒரு கொசுவில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் அளவறி பி.சி.ஆர். வேண்டும், அதுவும் மே மாதத்தில் பிடித்த கொசுவில்.