வாளியில் பொங்கும் கிருஷ்ணாயில்

காசிமேட்டு வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி. ஒரு கரண்டி சோப்புத்தூளைப் போட்டுக் கையால் அளைந்தால் நுரை விளிம்புவரை ஏறும். அந்த நுரையின் பூர்வீகத்தைத் தேடினால் ஒரு வழி மணலிக்கும் இன்னொரு வழி பாரிசுக்கும் போகிறது.

1877இல் பாரிசில் சார்லஸ் ஃபிரீடலும் அமெரிக்கரான ஜேம்ஸ் கிராஃப்ட்ஸும் அமைல் அயோடைடு செய்ய முயன்றார்கள். அமைல் குளோரைடில் அலுமினியமும் அயோடினும் சேர்த்தார்கள். பென்சீனை ஊற்றியது கரைப்பானாக மட்டுமே. கேட்ட பொருள் கிடைக்கவில்லை. சும்மா இருக்கவேண்டிய பென்சீன் வளையத்தில் ஐந்து கார்பன் வால் ஒன்று ஒட்டியிருந்தது. இன்றும் எம்.எஸ்ஸி. வகுப்புகளில் எழுதிப் பழகும் ஃபிரீடல்-கிராஃப்ட்ஸ் வினை அப்படிப் பிறந்ததுதான்.

மணலியில் அந்த வாலுக்கு 10 முதல் 13 கார்பன் நீளம். சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய், 1969 முதல் இயங்கும் சுத்திகரிப்பு ஆலைக்குக் குழாய்வழியே வருகிறது. அங்கே பிரியும் மண்ணெண்ணெய், அதாவது நம் பாட்டிமார் சொன்ன கிருஷ்ணாயில், பக்கத்திலிருக்கும் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸுக்குப் போகிறது. ஸ்பிக்கும் டிட்கோவும் கூட்டாக 1984இல் தொடங்கிய நிறுவனம் அது. நுண்துளைச் சல்லடை நேரான கார்பன் சங்கிலிகளை மட்டும் பிடித்துவைக்கும்; கிளைவிட்டவை மிச்ச மண்ணெண்ணெயோடு வந்தவழியே திரும்பும். பிடிபட்ட சங்கிலியில் இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றிப் பென்சீனோடு பூட்டினால் எல்.ஏ.பி. என்ற நிறமற்ற திரவம். அது டேங்கர் ஏறிப் போகும். கந்தக டிரை ஆக்சைடு சேர்ந்தால் பழுப்பாகக் கெட்டிப்படும். தொழிலில் அதற்கு 'ஆசிட் ஸ்லர்ரி' என்று பேர். சோடாவோடு சேர்ந்த பிறகுதான் அது சோப்புத்தூள்.

நேர்வாலுக்காக ஏன் இத்தனை மெனக்கெடல்? 1950களில் புழங்கியது கிளைவால். துணி நன்றாகத்தான் வெளுத்தது. ஆனால் பாக்டீரியாவால் அதைத் தின்று தீர்க்க முடியவில்லை. ஜெர்மனியின் ஆறுகளில் நுரை குவிந்து, 1961இல் சட்டமே போட வேண்டிவந்தது. நேர்வாலையோ பாக்டீரியா நுனியிலிருந்து கொறித்துக்கொண்டே போகும்.

அதற்கும் தண்ணீரில் ஆக்சிஜன் வேண்டும். காற்றுப்படாமல் தேங்கிய சாக்கடையில் நேர்வாலும் எளிதில் சிதையாது. வாலை நேராக்கியதோடு வேதியியலின் வேலை முடிந்தது. கால்வாயை ஓடவைப்பது ஊரின் வேலை.