பாஷாணமும் பெரணியும்

சுங்கை காடுட் முதலிய நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு லாலாங் புல் புதியதன்று. வெட்ட வெட்டத் தழைக்கும் அப்புல்லை மாய்க்க மலாயாத் தோட்டங்களில் நெடுங்காலம் தெளிக்கப்பட்ட மருந்து சோடியம் ஆர்செனைட் ஆகும். நம் வைத்திய நூல்கள் பாஷாணம் எனக் கூறும் ஆர்செனிக்கே இதிலுள்ள நஞ்சு. முதிர்ந்த ரப்பர் மரங்களைப் பட்டுப்போகச் செய்யவும் இது பயன்பட்டது. மருந்தடித்தவர்க்கும், தெளித்த புல்லை மேய்ந்த மாட்டுக்கும் இது கேடு விளைப்பது. 1960களில் பாராகுவாட் முதலியவை வரவே இதன் வழக்கம் அருகியது.

வழக்கம் அருகியது; தெளித்த நஞ்சும் அகன்றதா என்பதே வினா. ஆர்செனிக் ஒரு தனிமம். இலைசருகு போல் அது மட்குவதில்லை. மழைநீர் சிறிது அரித்துச் செல்லினும், எஞ்சியது மண்ணிலுள்ள இரும்புச் சேர்மங்களோடு பிணைந்து பல்லாண்டு தங்கவல்லது.

இத்தகைய நஞ்சைச் செடிகொண்டே அகற்றலாம் என்னும் எண்ணம் படிப்படியாக வளர்ந்தது. 1948இல் இத்தாலிய அறிஞர் மிங்குஸ்ஸி, வெர்ஞானோ இருவரும் ஒரு சிறுசெடியில் நிக்கல் மிகுந்திருப்பதை வெளியிட்டனர். உலோகம் உறிஞ்சும் செடிகளைப் பயிரிட்டு அறுத்தால் மண் தூய்மையுறும் என 1983இல் அமெரிக்க அறிஞர் ரூஃபஸ் சேனி எடுத்துரைத்தார். 2001இல் லேனா மா என்னும் அம்மையாரின் குழுவினர், ஃபுளோரிடாவில் மரங்களுக்கு மருந்தேற்றிய பழைய இடமொன்றில் தழைத்திருந்த பெரணியை ஆராய்ந்தனர். சோதனையில் அதன் உலர்ந்த தழையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேலும் ஆர்செனிக் சேர்ந்தது. டெரிஸ் விட்டாட்டா என்னும் அப்பெரணி நமக்கு அயலானதன்று. மலேசியாவிலும் தமிழகத்திலும் பழஞ்சுவர்களில் தானே முளைப்பது.

ஆர்செனிக்கின் ஒரு வடிவம் பயிர்க்குரிய பாஸ்பரச் சத்தை ஒத்தது. ஆதலின் வேர் அதனை உணவென்று கொள்கிறது. பிற செடிகள் வாட, இப்பெரணியோ அதனைத் தழைக்கு ஏற்றிச் சேமிக்கிறது. ஒரு சோதனையில், 20 வாரங்களில் மண்ணின் ஆர்செனிக்கில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அகன்றது. எனினும் நஞ்சு அழியவில்லை. இடம் பெயர்ந்ததே உண்மை. அறுத்த தழையை மாட்டுக்கு இடுதலும், எருவாக்குதலும், திறந்தவெளியில் எரித்தலும் கூடா.

செடியைக் கொல்ல இட்ட நஞ்சைச் செடியே மீட்கிறது. ஆனால் எங்கு நடுவது? சுங்கை காடுட்டில் இன்று துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டையும் குடியிருப்புகளும் உள்ளன. பழந்தோட்ட நிலங்களில் நஞ்சு எஞ்சியதா என்பதை மண்சோதனையே கூறும். சோதனைக்கு மண் எடுக்கவோ, மருந்து கலந்த இடமும் சேமித்த கொட்டகையும் தெரிதல் வேண்டும். அதனை அறிந்தவர், அன்று மருந்தைச் சுமந்த முதியோரே. அவர்தம் நினைவைக் கேட்டு எழுதிவைப்பது, தோட்ட வரலாற்றுக்கும் மண்ணுக்கும் ஒருங்கே ஆற்றும் தொண்டாகும்.