விமானம் கட்டிய கைகள்

1910 மார்ச் மாதம் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு விமானம் எழும்பியது. அதைத் தன் யோசனைப்படி கட்டுவித்தவர் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கோர்சிகாக்காரர் ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ். முந்தைய ஆண்டு ஜூலையில் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்திருந்தார். அந்தச் செய்தி இவரையும் தொற்றிக்கொண்டது. கோச்சு வண்டிகள் செய்துவந்த சிம்ப்சன் கம்பெனியின் உதவியோடு விமானம் உருவானது. சென்னை வரலாறு எழுதுகிறவர்கள் விரும்பிச் சொல்லும் இந்தக் கதையில் இரண்டு பெயர்கள் வரும்: ஒன்று ஹோட்டல்காரர், மற்றொன்று கம்பெனி. மரத்தை இழைத்தவர் யார், இறக்கைத் துணியை வெட்டித் தைத்தவர் யார், கம்பிகளை இழுத்துக் கட்டியவர் யார் என்று கேட்டால் கதை வாய் திறப்பதில்லை.

திமிரியில் இருந்துகொண்டு விமானத்தைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். அரக்கோணத்தில் உள்ள ராஜாளி கடற்படை விமானதளம் எங்கள் ராணிப்பேட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்த காரணம் வேறு. விடியலில் ஷூ கம்பெனி வண்டிக்காகக் காத்து நிற்கும் பெண்களை ஆற்காடு முதல் ஆம்பூர் வரை எந்த ஊரிலும் பார்க்கலாம். தோலை ஒட்டி, மடித்து, தைத்து மேல்பாகத்தை முடிக்கிற அவர்கள் கைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்ற கேள்வி, விமானத்தின் வரலாற்றிலும் அப்படியே வருகிறது.

ஒருவர் தன் கொட்டகையில் தானே கட்டும் சிறு விமானங்களில், ஓட்டுநர் கையிலுள்ள தடியையும் இறக்கை, வால் மடல்களையும் இணைப்பது பல நேரங்களில் எஃகுக் கேபிள்தான். சைக்கிளின் பிரேக் கேபிளைப் பார்த்தவர்களுக்குப் பாதி புரிந்துவிடும். வழக்கமாகப் பயன்படும் ஒரு வகை, மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனம் கொண்டது. அதில் ஏழு புரிகள், புரிக்குப் பத்தொன்பது இழைகள், ஆக 133 இழைகள். கார்பன் எஃகில் செய்தது ஏறத்தாழ 900 கிலோ இழுவையைத் தாங்கும். ஆனால் அதன் முனையை எப்படி முடிகிறோம் என்பதைப் பொறுத்தே அந்த வலிமை கைக்கு வரும்.

இன்று முனையை ஒரு சிறிய உலோக வளையத்தின்மேல் வளைத்து, தாமிரக் குழலுக்குள் செருகி, கருவியால் நெரித்து இறுக்குகிறார்கள். நெரித்தது போதுமா என்று அளவுத் தகட்டை வைத்துப் பார்க்கிறார்கள். இந்தக் குழல் வருவதற்கு முன் புரிகளைத் தனித்தனியாகப் பிரித்து, கேபிளுக்குள்ளேயே மீண்டும் செருகிக் கையால் பின்னினார்கள். ஐந்து சுற்றுப் பின்னல், கேபிளின் முழு வலிமையில் முக்கால் பங்கைக் கொடுக்கும் என்று அமெரிக்க விமானத் துறையின் கையேடு கணக்குச் சொல்கிறது. கூடை முடைந்தவர்களுக்கும் ஜடை பின்னியவர்களுக்கும் அந்த வேலையின் தாளம் விளங்கும்.

மற்ற வேலைகளும் இப்படித்தான். கேபிளின் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் டர்ன்பக்கிளுக்கு வெளியே மூன்று மரைக்கு மேல் தெரியக்கூடாது. இறுக்கிய பின் அது தானாகச் சுழலாதபடி மெல்லிய கம்பி கட்ட வேண்டும். அசையும் இணைப்பில் நட்டு கழலாமலிருக்கப் பின் செருகி, அதன் கால்களை வளைத்துவிட வேண்டும். கப்பியின்மேல் ஓடும் இடத்தில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு துணியைச் சுற்றிப் பிடித்து நெடுகத் தடவினால் போதும், அறுந்த இழை துணியில் மாட்டும். கடைசியில் தடியை இடப்பக்கம் சாய்த்தால் இடது இறக்கையின் மடல் மேலே எழ வேண்டும். கேபிள்களை மாற்றி இணைத்துவிட்டால் விமானம் எதிர்ப்பக்கம் சாயும். துணி போர்த்திய பழைய விமானங்களில், கேபிள் துணியைத் துளைத்து வெளிவரும் இடம் கிழியாமலிருக்கத் தோல் ஒட்டு வைத்துத் தைத்தார்கள்.

இந்த வேலைகளை முழுக்கத் தன் பெயரில் செய்தவள் ஒருத்தி உண்டு. டி'ஏஞ்சலிஸ் பறந்த அதே 1910இல், அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் அருகே கார்ன்மனியில் வாழ்ந்த லிலியன் பிளாண்ட் தானே வரைந்து தானே கட்டிய விமானத்தை ஓட்டினார். பத்திரிகைக்கு எழுதுபவர், புகைப்படக்காரர், கால்சட்டை போட்டுக் குதிரையேறியதற்காக ஊர்வாயில் விழுந்தவர். மேஃப்ளை என்று பெயர் வைத்தார். ஈசலைப் போன்ற ஒரு பூச்சியின் பெயர் அது, 'பறந்தாலும் பறக்கும்' என்றும் பொருள்படும். மரமும் மூங்கிலும் சட்டம், பருத்தித் துணி இறக்கை, திருப்புவதற்குச் சைக்கிள் ஹேண்டில்பார். முதலில் இயந்திரம் இல்லாமல் நான்கு போலீஸ்காரர்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் குன்றில் சோதித்தார். விமானம் அவர்களையும் சேர்த்துத் தூக்கியது. பிறகு 20 குதிரைத்திறன் இயந்திரம் வந்தது. எரிபொருள் தொட்டி வந்து சேராததால் விஸ்கி பாட்டிலையும், காது கேளாத அத்தையின் ஊதுகுழலையும் வைத்து எரிபொருள் ஊற்றினார். இயந்திரத்தின் அதிர்வில் நட்டுகள் கழன்றன, கம்பிகள் அறுந்தன. அவற்றை மறுபடி கட்டி இறுக்கி, 1910 ஆகஸ்டில் பறந்தார்.

இதெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவரே எழுதி, படம் எடுத்து 'ஃப்ளைட்' இதழுக்கு அனுப்பியதுதான். உதவிய தோட்டக்காரப் பையன் ஜோ பிளெயினின் பெயர்கூட அதனால் மிஞ்சியது. லிலியனுக்கு இருந்த வசதியையும் மறக்கக்கூடாது. இறந்துபோன மாமாவின் பட்டறை இருந்தது, தங்க வீடு இருந்தது, அடுப்படியிலிருந்து அழைக்க யாருமில்லை. இருந்தும் அவருடைய அப்பா, விமானத்தை விட்டுவிட்டால் மோட்டார் கார் வாங்கித் தருவதாகப் பேரம் பேசினார். காரோடு அந்தப் பறத்தல் முடிந்தது.

பட்டறை இல்லாத பெண்கள் வேறு வாசல் வழியாக வந்தார்கள். 1910இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஐடா ஹோல்ட்கிரீவ் என்ற தையல்காரி, 'சாதாரணத் தையல்' வேலைக்கு ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்துப் போனார். ஆங்கிலத்தில் 'சாதாரணம்', 'விமானம்' இரண்டுக்கும் ஒரே ஒலி. அச்சுப்பிழை! அழைத்தது ரைட் சகோதரர்களின் கம்பெனி, வேலை விமான இறக்கை தைப்பது. அவர் தைத்த துணியில் மற்றவர்கள் பறந்தார்கள். அவர் முதன்முதலாகப் பறந்தது 1969இல், 88 வயதில்.

இன்னொரு காட்சி 1900ஆம் ஆண்டு, கிட்டி ஹாக்கில். வில்பர் ரைட் அடி டேட் என்ற பெண்ணிடம் தையல் மெஷினை இரவல் வாங்கித் தன் கிளைடரின் துணியைத் தைத்துச் சரிசெய்தார். அவர்கள் விட்டுச் சென்ற கிளைடர் துணியை எடுத்து, அடி தன் இரு மகள்களுக்குக் கவுன் தைத்தார். மெஷின் ஒன்று, துணி ஒன்று. வில்பர் தைத்தது பொறியியல் வரலாற்றில் சேர்ந்தது, அடி தைத்தது வீட்டுவேலையாக நின்றது.

முதல் உலகப் போரில் இந்தப் பிரிவினை தொழிற்சாலை அளவுக்குப் பெருத்தது. பிரிட்டனில் பெண்கள் இறக்கைத் துணி தைத்தார்கள், கேபிள் முனை பின்னினார்கள், துணியை விறைப்பாக்கும் 'டோப்' பூசினார்கள். அந்த டோப்பில் கலந்த டெட்ராகுளோரோஈத்தேன் கல்லீரலைத் தாக்கி, மஞ்சள்காமாலை வந்து இறந்தவர்கள் உண்டு. தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. போர் முடிந்ததும், 1919இல், போருக்கு முந்தைய வேலை வழக்கங்களைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் போட்டார்கள். பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

1981இல் டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். பெண்ணின் விரல் நுணுக்கம் பிறவியில் வருவதில்லை, சிறு வயது முதல் வீட்டில் அம்மாவும் பாட்டியும் கொடுக்கும் பயிற்சியில் வருகிறது. அந்தப் பயிற்சிக்குச் சான்றிதழ் கிடையாது. அதனால் ஆலைக்குள் அது 'திறன்' என்று எண்ணப்படுவதில்லை, கூலியும் அதற்கேற்பக் குறைகிறது. ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன் கற்றது தொழில். பத்து வயதில் ஊசி பிடித்தவள் கற்றது 'பொம்பளைங்களுக்கு இயல்பா வரும்'.

சொந்தமாகக் கட்டும் விமானத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அமெரிக்க விதிப்படி அங்கே கட்டியவரே தயாரிப்பாளர். வேலையில் பாதிக்கு மேல் தொழில்முறை அல்லாதவர்கள் செய்தது என்று காட்ட வேண்டும். அதற்காக எந்த நாளில் எந்தக் கேபிளை யார் முடித்தார் என்று படத்தோடு குறிப்பேடு எழுதுகிறார்கள். விமானத்தில் பதிக்கும் தகட்டில் கட்டியவர் பெயர் வரும். 1986 டிசம்பரில் எரிபொருள் நிரப்பாமல், தரையிறங்காமல், ஒன்பது நாளில் உலகைச் சுற்றிய வாயேஜரும் ஒரு சிறு குழு கையால் கட்டிய விமானம்தான். அதைக் கட்டியவர்களிலும் ஓட்டிய இருவரிலும் ஜீனா யேகர் என்ற பெண் இருந்தார் என்பதை யாரும் மறைக்க முடியாது.

ஷூவின் நாக்கில் கம்பெனி பெயர் இருக்கும், தைத்தவள் பெயர் இருக்காது. அந்தக் குறிப்பேட்டை நாமே தொடங்கலாம். இதைப் படிக்கிற கல்லூரி மாணவிகள் தங்கள் அம்மாவிடம், அத்தையிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு எழுதி வைக்கட்டும்: எந்த வருடம் வேலைக்குப் போனார், எந்த மெஷின், யார் கற்றுக்கொடுத்தது, ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி, அவரிடம் வேலை கற்றுக்கொண்டு சூப்பர்வைசர் ஆனது யார். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.