கப்பல் வாயிலில் சிறுவன்: இந்திய இளைஞர் கடற்பயிற்சி வளர்ந்த வரலாறு

முன்னுரை

ஒரு தேசம் தன் கடலைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள் அதன் போர்க்கப்பல்களை எண்ணிப் பார்ப்பது வழக்கம். ஆயினும், பதினான்கு பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் கப்பலேற விரும்பினால், அவனை எந்த வாயிலில் நிறுத்தி, எதைக் கேட்டு, எந்த நிபந்தனையின்பேரில் உள்ளே விடுகிறார்கள் என்பதை ஆராய்வது அதனினும் தெளிவான விடையைத் தரும் என்பது இக்கட்டுரையின் அடிப்படை அபிப்பிராயம். இந்தியாவில் அந்த வாயில் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. அதைத் திறந்தவர்கள் மாலுமிகளோ தளபதிகளோ அல்லர். சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தும் விசாரணைக் குழுக்களில் அமர்ந்தும் பழகிய வக்கீல்களும் பொதுவாழ்வினருமே. 1927-ஆம் ஆண்டின் டஃபரின் பயிற்சிக் கப்பலிலிருந்து 1952-இல் தோன்றிய தேசிய மாணவர் படையின் கடற்பிரிவு வரையிலான கால்நூற்றாண்டே இவ்வாராய்ச்சியின் நடுப்பொருள். முன்னும் பின்னுமுள்ள செய்திகள் அதனை விளக்குமளவிற்கே இங்கு இடம்பெறும்.

ஆங்கில நாட்டு முன்மாதிரி

1756-இல், ஏழாண்டுப் போர் தொடங்கிய வேளையில், லண்டன் வணிகரான ஜோனாஸ் ஹான்வே என்பவர் மரைன் சொசைட்டி என்னும் சங்கத்தை நிறுவினார். தெருவில் அலைந்த ஏழைச் சிறுவர்களுக்கு உடையளித்துக் கப்பலுக்கு அனுப்புவதே அதன் தொழில். கந்தையுடுத்தி வந்த சிறுவன் கப்பலில் நோயைப் பரப்புவான் என்ற அச்சம் அக்காலத்தில் மிகுந்திருந்ததால், புதிய உடை என்பது தர்மம் மட்டுமாக நில்லாமல் கடற்படையின் தேவையாகவும் அமைந்தது. போர் முடிந்த 1763-க்குள் 5,451 சிறுவர்களும் 4,787 வளர்ந்த ஆடவர்களும் இச்சங்கத்தின் வழியே கடலுக்குச் சென்றனர். 1786-இல் தேம்ஸ் நதியில், டெட்ஃபோர்டு என்னுமிடத்தில், சிறுவர்களைக் கடலுக்கு அனுப்புமுன் பயிற்றுவதற்கென்றே ஒரு கப்பலைச் சங்கம் நிறுத்தியது.

அடுத்த நூற்றாண்டில் இந்த எண்ணம் மெல்ல மாறியது. கிரிமியப் போரை ஒட்டி விட்ஸ்டபிள் என்னும் துறைமுக ஊரில் அநாதைச் சிறுவர்களுக்காகத் தோன்றிய பிரிகேடும், அதனைப் பின்பற்றிப் பிற ஊர்களில் எழுந்தவையும், சிறுவனைக் கப்பலுக்கு அனுப்பிவிடாமல் சொந்த ஊரிலேயே வைத்து, மாலை வேளைகளில் கடற்கலையைக் கற்பித்தன. 1899-இல் விண்ட்ஸர் பிரிவின் சீருடைக்கென விக்டோரியா மகாராணி பத்துப் பவுன் அளித்தார். 1919-இல் கடற்படைத் தலைமை நிலையம் இப்பிரிவுகளை அங்கீகரித்து ‘ஸீ கேடட்’ என்ற பெயரை வழங்கியது. 1937-இல் நஃபீல்டு பிரபு ஐம்பதினாயிரம் பவுன் நன்கொடை தந்தார். போர்க்காலமான 1942-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அப்படைக்கு அட்மிரல் என்ற கௌரவப் பதவியை ஏற்றார். வறுமையைத் தகுதியாகக் கேட்ட வாயில் இவ்வாறு ஆர்வத்தைத் தகுதியாகக் கேட்கும் வாயிலாக மாறுவதற்கு ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகள் பிடித்தன. இந்தியா இந்த வழியைச் சுருக்கி நடந்ததா, வேறு வழியில் நடந்ததா என்பதே அடுத்து எழும் வினா.

அடைபட்ட வாயில்

இந்தியர் கடலுக்கு அஞ்சியவர்கள், சமுத்திர யாத்திரையைச் சாஸ்திர விரோதமாகக் கருதியவர்கள் என்று சொல்லி, இந்தியச் சிறுவனுக்குப் பயிற்சி வேண்டியதில்லை என்று வாதித்தவர்கள் அக்காலத்தில் உண்டு. அவ்வாதத்தைப் பிரிட்டிஷ் கப்பற் கம்பெனிகளின் சம்பளப் பட்டியலே மறுத்துவிடும். 1914-இல் அந்நாட்டு வாணிகக் கப்பல்களில் வேலை செய்த லஸ்கர்கள் என்னும் கூலி மாலுமிகளின் தொகை ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டது. கயிறு இழுக்கவும், உலைக்குக் கரி வாரிப் போடவும், மேல்தளம் கழுவவும் இந்தியனை அழைத்த கப்பல், சுக்கான் அருகே நின்று ஆணையிட மட்டும் அவனை அழைக்கவில்லை. படகுத் தலைவனைக் குறிக்கும் நம் கரையோரச் சொல்லாகிய ‘தண்டல்’ ஆங்கிலேயர் வாயில் ‘டிண்டல்’ என்றாகிக் கப்பல் ஏறியது. ஆனால் அச்சொல் குறித்த மனிதன் ஏறக்கூடிய மிக உயர்ந்த படி, சராங்கு என்ற சிப்பந்தித் தலைவன் நிலையோடு முடிந்துவிட்டது.

1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தோற்றுவித்த சுதேசிக் கப்பல் கம்பெனியின் சரித்திரத்தை அரசியல் நோக்கில் பலர் எழுதியிருக்கின்றனர். கடற்கல்வியின் நோக்கில் அதனைப் பார்ப்போமாயின் வேறொரு குறை புலப்படும். பங்கு திரட்டலாம், கப்பல் வாங்கலாம், பிரயாணிகளைச் சேர்க்கலாம்; ஆனால் அக்கப்பலை நடத்தும் அதிகாரியை நம் வீட்டுப் பிள்ளைகளிலிருந்து உருவாக்குவதற்கு அரசாங்கப் பயிற்சிக் கப்பல் ஒன்றேனும் இந்நாட்டில் இல்லை. 1919-இல் பம்பாயில் தோன்றிய சிந்தியா கப்பல் கம்பெனியும் இதே குறையோடுதான் கடலில் இறங்கியது. சர்க்காரின் சொந்தக் கடற்சேனையாகிய ராயல் இந்தியன் மரைனிலும் நிலைமை வேறாக இல்லை. அதன் அதிகாரி வரிசையில் முதல் இந்தியராக, பொறியியல் கிளையில், டி. என். முகர்ஜி சேர்ந்தது 1928-இல்தான்.

சிவசாமி ஐயர் தீர்மானமும் டஃபரின் கப்பலும்

தஞ்சை ஜில்லாவின் பழமானேரியில் பிறந்து, சென்னையில் அட்வகேட் ஜெனரலாக விளங்கி, மிதவாதக் கட்சியின் தூண்களில் ஒருவராக மதிக்கப்பட்ட ஸர் பி. எஸ். சிவசாமி ஐயர், 1922 ஜனவரியில் மத்தியச் சட்டசபையில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். இந்திய வாணிகக் கப்பல் துறையை வளர்க்கும் மார்க்கங்களை ஆராய ஒரு குழு அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். முந்திய ஆண்டு, இந்திய இராணுவ அமைப்பை ஆராய்ந்த எஷர் குழுவின் அறிக்கை விவாதத்திற்கு வந்தபோது இராணுவ அதிகாரி உத்தியோகங்களில் இந்தியருக்கு இடம் கேட்டு வாதாடியவரும் இவரே. ஆகவே, தரையில் கேட்டதையே கடலிலும் கேட்டார் என்று கொள்வது பொருந்தும். அவர் கேட்ட குழு 1923-இல் ராயல் இந்தியன் மரைனின் டைரக்டரான கேப்டன் ஹெட்லம் தலைமையில் அமைந்து, மறு ஆண்டு அறிக்கை தந்தது. இந்தியச் சிறுவர்களை அதிகாரிகளாக உருவாக்கப் பம்பாயில் ஒரு பயிற்சிக் கப்பல் நிறுத்தப்பட வேண்டும் என்பது அதன் சிபாரிசுகளில் ஒன்று. குழுவின் பிற சிபாரிசுகளில் பல, குறிப்பாகக் கரையோர வாணிகத்தை இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்குவது பற்றியது, நெடுங்காலம் ஏட்டிலேயே தங்க, பயிற்சிக் கப்பல் பற்றிய சிபாரிசு ஒன்று மட்டும் விரைவில் உருப்பெற்றது.

1904-இல் கட்டப்பட்டுச் சேனைகளை ஏற்றிச் சென்றுவந்த டஃபரின் என்னும் முதிய கப்பல், 1927-இல் பம்பாய் மஸகான் துறையருகே நங்கூரமிட்டுப் பள்ளியாக மாறியது. இங்கே வாயிலில் கேட்கப்பட்டது வறுமையன்று. எழுத்துப் பரீட்சை, வைத்தியப் பரிசோதனை, நேர்முக விசாரணை ஆகியவற்றைக் கடந்து, கட்டணமும் செலுத்தக் கூடிய குடும்பத்துப் பிள்ளையே உள்ளே செல்ல முடிந்தது. இங்கிலாந்தில் ஒரு சங்கம் உடைகொடுத்து அழைத்தது ஏழைச் சிறுவனை. இந்தியாவில் அரசாங்கம் பரீட்சை வைத்துப் பொறுக்கியது மத்தியதர வர்க்கத்துச் சிறுவனை. கூலி மாலுமிக்குப் பஞ்சமில்லாத தேசத்தில் பஞ்சமாயிருந்தது அதிகாரியே என்பதால் இவ்வேற்றுமை இயல்பாகவே விளைந்தது. ஆனால் அதன் பயனாக, தலைமுறை தலைமுறையாகக் கடலோடு வாழ்ந்த லஸ்கரின் மகனும் பரதவரின் மகனும் இந்த வாயிலை எளிதில் அணுக இயலவில்லை என்ற குறையையும் ஆராய்ச்சியாளன் மறைக்கலாகாது.

கப்பலுக்குள் சென்ற சிறுவன் ஒரே சமயத்தில் இரு பள்ளிகளில் படித்தான். கணிதமும் ஆங்கிலமும் விஞ்ஞானமும் ஒரு பள்ளி. முடிச்சுப் போடுதல், படகு வலித்தல், கொடிச் சமிக்ஞை, திசைகாணும் கலை ஆகியவை மற்றொரு பள்ளி. தேறியவர்களை முதலில் ஏற்றுக்கொண்டவர்களில் சிந்தியா கம்பெனியார் முக்கியமானவர்கள். சிலருக்குச் சர்க்கார் கடற்சேனையிலும் இடம் கிடைத்தது.

முதல் கோஷ்டி மாணவர்களுள், செங்கற்பட்டில் 1911-இல் பிறந்த ராமதாஸ் கடாரி என்ற பதினாறு வயதுச் சிறுவன் இருந்தான். தேறி வெளிவந்த கடாரி வாணிகக் கப்பல்களில் தொழில் பயின்று, பின்னர்க் கல்கத்தாத் துறைமுகத்தாரிடம் ஹூக்ளி நதியை அளந்தறியும் உத்தியோகம் பார்த்து, 1939-இல் போர் மூண்டதும் கடற்படையின் தன்னார்வச் சேமப்படையில் சேர்ந்தார். 1958 ஏப்ரலில் வைஸ் அட்மிரல் கார்லில் விலகியபோது, இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றவர் இவரே. வாணிகக் கப்பலுக்காகத் திறக்கப்பட்ட வாயில் போர்ப்படைக்கும் தலைவரை ஈன்றது என்பதைத் தீர்மானம் கொண்டுவந்த சிவசாமி ஐயர் கண்ணால் காணவில்லை. 1946-இலேயே அவர் காலமாகிவிட்டார்.

பிரிவினையும் இரு வழிகளும்

1934-இல் ராயல் இந்தியன் நேவி என்று பெயர் மாறிய கடற்படை, இரண்டாம் உலகப் போரில் பன்மடங்கு பெருகியபோது, அதிகாரியல்லாத மாலுமிகளாகவும் சிறுவர்களைச் சேர்த்தது. அவர்களுக்கான முக்கியப் பயிற்சி நிலையங்கள் கராச்சியில் அமைந்திருந்தன. 1947-இல் தேசம் பிரிந்தபோது அவை பாகிஸ்தானின் பங்காயின. கப்பல்களைக் கணக்கிட்டுப் பங்கிட முடிந்தது. பள்ளிக்கூடத்தை அங்ஙனம் இரண்டாக அறுக்க இயலாது. ஆகவே இந்தியா விசாகப்பட்டினத்தில் ஸர்க்கார்ஸ் என்னும் நிலையத்தில் சிறுவர் பயிற்சியைப் புதிதாகத் தொடங்கலாயிற்று. அதிகாரியாக விரும்பும் இளைஞனுக்கோ 1949-இல் டேராடூனில் முப்படைக்கும் பொதுவான பயிற்சிக் கழகம் தோன்றி, பின்னர்க் கடக்வாஸ்லாவில் நிலைபெற்றது. இவ்விரண்டுமே சிறுவனின் எதிர்கால உத்தியோகத்தைக் கருதியவை. உத்தியோகத்தைக் கருதாத மூன்றாவது வழி ஒன்றும் அதே ஆண்டுகளில் உருவாகி வந்தது.

கடற்பிரிவு: கடமையற்ற வாயில்

முதல் உலகப் போரின் போது 1917-இல் பல்கலைக்கழகங்களில் தோன்றிய மாணவர் படை, கல்லூரிக்கு அப்பால் எட்டவுமில்லை; தரையை விட்டு இறங்கவுமில்லை. அதன் குறைகளை ஆராய 1946-இல் அமைந்த குழுவிற்குத் தலைமை வகித்தவர், சிவசாமி ஐயரைப் போலவே மிதவாதியான பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு. அக்குழுவின் அறிக்கையைத் தழுவி 1948-இல் தேசிய மாணவர் படைச் சட்டம் நிறைவேறியது. பள்ளிச் சிறுவர்க்கும் இடந்தந்ததும், 1949-இல் மாணவியரைச் சேர்த்ததும், 1950-இல் வான்பிரிவையும் 1952-இல் கடற்பிரிவையும் தொடங்கியதும் அதன் படிப்படியான வளர்ச்சி.

அச்சட்டத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்க ஒரு விதி உண்டு. இப்படையில் சேர்ந்த காரணத்தால் மாத்திரம் எவரும் போர்ச்சேவைக்குக் கட்டுப்பட்டவர் ஆகார் என்பதே அது. மரைன் சொசைட்டிச் சிறுவன் உடை வாங்கியவுடன் கப்பலுக்குச் சென்றான். டஃபரின் மாணவன் தேறியவுடன் கடல் தொழிலுக்குச் சென்றான். கடற்பிரிவு மாணவன் படகு வலிக்கவும் பாய் விரிக்கவும் செமாஃபோர் கொடியசைக்கவும் கப்பல் மாதிரிகள் செய்யவும் கற்று, ‘ஏ’, ‘பி’, ‘சி’ சான்றிதழ்களுக்கான பரீட்சைகளை எழுதி, பிறகு வைத்தியனாகவோ வணிகனாகவோ ஆவதற்கு எத்தடையும் இல்லை. கடலே கண்ணுக்கெட்டாத போபாலில் ஏரி நீரிலும், ஹைதராபாத்தின் ஹுசேன் ஸாகரிலும் கடற்பிரிவு மாணவர் படகு செலுத்துவதை வேடிக்கையென நகைப்பவர், சட்டத்தின் இந்த உட்கருத்தை அறியாதவரே. மாலுமிகளைத் திரட்டுவதே நோக்கமானால் ஏரிக்கரையில் பிரிவு வேண்டியதில்லை. குடிமகனுக்குக் கடலறிவு ஊட்டுவது நோக்கமானதால் வேண்டியதாயிற்று. சீனப் போருக்குப் பின் 1963-இல் கல்லூரி மாணவர்க்குப் படைப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டு, 1968-இல் மீண்டும் விருப்பத்திற்கு விடப்பட்டதும் இந்த உட்கருத்துக்கே திரும்பிய செயலாகும்.

முடிவுரை

டஃபரின் 1972-இல் ஓய்வுபெற, சோழ மன்னனின் நினைவைத் தமிழ் வாசகனுக்கு எழுப்பும் இராஜேந்திரா என்ற பெயருடைய கப்பல் அதன் இடத்தை ஏற்றது. 1993-இல் அதுவும் விலகி, நவி மும்பைக் கரையில் சாணக்கியா என்னும் நிலையம் எழுந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2008-இல் அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக அது இன்று விளங்குகிறது. பயிற்சியின் இடம் கப்பலிலிருந்து கரைக்கு வந்துவிட்டது.

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், அடைபட்ட வாயிலை இந்தியா முதலில் பரீட்சையைக் கொண்டு திறந்தது. பின்னர் விருப்பத்தைக் கொண்டு அகலமாக்கியது. பரீட்சை ஒரு கடாரியைத் தந்ததால் அதன் பயனை ஐயுற இடமில்லை. ஆயினும், கரையில் பிறந்து அலையில் வளர்ந்த பிள்ளை அவ்விரு வாயில்களின் முன்பும் பின்வரிசையிலேயே நின்றான் என்பதே இச்சரித்திரத்தின் பெருங்குறை. 2020 ஆகஸ்டு 15-ஆம் நாள், எல்லையோரத்தும் கடலோரத்தும் உள்ள 173 மாவட்டங்களில் மாணவர் படையை விரிவாக்கி, ஒரு லட்சம் புதிய மாணவர்களைச் சேர்த்து, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு மாணவியராக இருக்கச் செய்து, கடலோரத்தவர்க்குக் கடற்படையே பயிற்சி அளிக்கும் என்று அரசாங்கம் அறிவித்தது. அறிவிப்பு முழுமையாக நிறைவேறும் நாளில், மீனவர் குப்பத்துப் பள்ளிச் சிறுவனும் சிறுமியும் அந்த வாயிலில் முன்வரிசையில் நிற்கும்படி செய்வது, அவ்வூர்ப் பள்ளியாசிரியர்களின் பொறுப்பும் பெற்றோரின் பொறுப்புமாகும்.