தோட்டத்துப் புழுவை அறிந்த வரலாறு

தில்லியின் மேற்கே, ஜனக்புரியில் வாழும் தமிழர் வீடுகள் பலவற்றில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கும். தொட்டியிலேனும் அதனை வளர்க்காவிடில் நம்மவர்க்கு மனம் அமைவதில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் அதன் இலைமேல் பறவையின் எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். சில நாட்களில் அதுவே பசும்புழுவாகித் தளிர்களை மேயத் தொடங்கும். தொட்டால், தலைக்குப் பின்புறமிருந்து கவை போன்ற ஓர் உறுப்பை நீட்டிக் கடுநெடி வீசும். நசுக்குவதா, விட்டுவைப்பதா? விடை காணுமுன் அது எதன் பிள்ளை என்று அறிய வேண்டும்.

அது எளிதன்று, பிள்ளைக்கும் தாய்க்கும் உருவில் சற்றும் ஒப்புமை இல்லை. ஜெர்மனியில் பிறந்த மரியா சிபில்லா மேரியன் என்ற ஓவியர், புழுக்களை அவற்றின் உணவுச் செடியோடு வளர்த்து, அவை சிறகு பெறும்வரை காத்திருந்து வரைந்தார். அவரது நூல் 1679இல் வெளிவந்தது. செடியைக் கொண்டு புழுவை அறிவதே அவர் காட்டிய வழி.

நம் நாட்டு அந்துப்பூச்சிகளை 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளில் ஹாம்ப்சன் வகைப்படுத்தினார். ஆயினும் சிறகுள்ள பூச்சியின் பெயர் தெரிந்தால் புழுவின் பெயர் தெரிந்துவிடாது. வடகன்னடக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த டி. ஆர். பெல் புழுக்களை வளர்த்துப் பார்த்தே அக்குறையைப் போக்க முயன்றார். ஸ்காட் என்பாரோடு அவர் எழுதிய பருந்து அந்துகளைப் பற்றிய நூல் 1937இல் வந்தது. தென்னாட்டுப் பூச்சிகளுக்கு ஃபிளெட்சர் 1914இலும், டி. வி. இராமகிருஷ்ண ஐயர் 1940இலும் நூல் தந்தனர்.

கரோல்பாகிற்கு அருகிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தை நேயர்கள் அறிவர். அது 1905இல் பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரில் தோன்றியது. 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சிதைந்து, 1936இல் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. தன் ஊர்ப்பெயரையும் பூச்சித் தொகுப்பையும் உடன் கொண்டுவந்தது. நாமும் கறிவேப்பிலையை அவ்வாறே கொண்டுவந்தோம் அல்லவா!

அந்நிலையத்தின் முதல் பூச்சியியல் அறிஞர் மாக்ஸ்வெல் லெஃப்ராய் இந்தியப் பூச்சிகளைப் பற்றி 1909இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர் இலண்டனில் பூச்சிகளைக் கொல்லும் நச்சுவாயுவை ஆராய்கையில், அதனைச் சுவாசித்தே 1925இல் மாண்டார். சமையலுக்குப் பறிக்கும் செடிமேல் மருந்து தெளிக்க எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

இனி நம் தோட்டத்திற்கு வருவோம். முதலில் செடியைப் பாருங்கள். எருக்கில் கருப்பும் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பட்டையிட்ட புழு, வெந்தய நிற வண்ணத்துப்பூச்சி ஒன்றின் பிள்ளை. நம் சமையற் செடிகளை அது நாடாது. அரளியில் வாலருகே கொம்புடைய பருத்த புழு, பருந்து அந்தின் பிள்ளை. முருங்கையின் அடிமரத்தில் கூட்டமாய் மொய்க்கும் கம்பளிப்பூச்சியை மட்டும் கையால் தொடலாகாது. அடுத்துக் கால்களை எண்ணுங்கள். முன்னுள்ள மூன்று இணைக் கால்களுக்குப் பின், வண்ணத்துப்பூச்சி, அந்து ஆகியவற்றின் புழுக்களுக்குச் சதைக்கால்கள் ஐந்து இணைக்கு மேல் இரா. முள்ளங்கியையும் கடுகையும் தின்னும் கரும்புழுவுக்கு எட்டு இணை உண்டு. அது குளவிக்கு உறவானது.

கறிவேப்பிலைப் புழுவோ, பெரும்பாலும் லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பத்தவை. ஆதலால் அவற்றின் இலையையும் அது உண்ணும். செடி சிறிதாயின் புழுவை எலுமிச்சைக்கு மாற்றிவிடலாம். அன்றி, துணியால் மூடிய கண்ணாடிச் சாடியில் நாள்தோறும் புதிய இலையிட்டு வளர்க்கலாம். மேரியனும் பெல்லும் கண்ட காட்சியை அப்போது நம் பிள்ளைகளும் காண்பர். இழப்பதோ ஒரு கைப்பிடி இலை. அது மீண்டும் துளிர்க்கும்.